வராத அம்மைக்கு வடு

பெருநகர் என்ற ஊரில் மாவு மிஷின் ஓட்டிய ஏகாம்பரத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. காலையில் இஞ்சின் சக்கரத்தைச் சுற்றிவிடும்போது ஒரு முகம். கேழ்வரகுக் கூடைகள் நாலைந்து அரைத்து முடிந்தபின் இன்னொரு முகம். முதல் முகத்தில், இரண்டு கன்னத்திலும் தாடையிலும், புழுதியில் தூறல் விழுந்ததுபோலக் குழிகள். இரண்டாவது முகத்தில் ஒரு குழியும் கிடையாது. பறக்கிற மாவு இறங்கி எல்லாவற்றையும் நிரவிவிடும். உச்சி வேளைக்கு அவன் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி இருப்பான். சாயங்காலம் குளத்தில் முகம் கழுவினால் பழையபடி தூறல்.

அந்தக் குழிகள் எப்படி வந்தன என்பது ஏகாம்பரத்துக்குத் தெளிவாகத் தெரியும். மீசை அரும்பிய வயதில் முகமெல்லாம் பரு. இஞ்சின் ஓடும்போது கைக்கு வேலை இருக்கும். இஞ்சின் நின்று சூடு ஆறும்வரை கைக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கன்னத்தில் வேலை பார்த்தன. கிள்ளாமல் விட்ட பருக்கள் பெரும்பாலும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போயின. கிள்ளியவை குழியாக நின்றன. அவ்வளவுதான் கதை.

ஊருக்கு இந்தக் கதை போதவில்லை. வேர்க்கடலை தின்றதால் வந்தது என்றார்கள். இஞ்சின் பக்கத்திலேயே நிற்கிறவனுக்கு உடம்பு சூடாகாமல் என்ன ஆகும் என்றார்கள். வயதாகியும் கல்யாணம் ஆகாததால் கெட்ட இரத்தம் இறங்க வழியில்லாமல் முகத்துக்கு ஏறிவிட்டது என்பது பெரியவர்களின் கருத்து. கல்யாணம் ஆனால் குழி தூர்ந்துவிடும். ஆனால் குழி இருப்பதால் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. இந்த வட்டத்துக்குள்ளேயே ஏகாம்பரம் இருபத்தாறு வயதை எட்டியிருந்தான்.

வட்டத்தை உடைக்கப் புறப்பட்டவள் அவனுடைய அக்காள் கோவிந்தம்மாள். தாய் தகப்பன் போனபின் அவனை வளர்த்தவள், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் முதலில் சங்கை உரைத்துப் பூசினாள். பிறகு புற்றுமண். பிறகு கஸ்தூரி மஞ்சளைப் பாலேட்டில் குழைத்து. ஒன்றும் ஒட்டாததைக் கண்டு, வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் சேட்டுவிடம் யோசனை கேட்டாள்.

"ஓட்ட வுழுந்த செவுத்துல அப்பிடியே மேல பூசினா நிக்குமாக்கா? நல்லா சொரண்டிட்டு, தண்ணி தெளிச்சி, அப்புறந்தான் பூசணும்" என்றார் சேட்டு. சுவரைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்திருக்கலாம்.

மறுநாள் முதல் கோவிந்தம்மாள் தேங்காய் நாரும் செங்கல் தூளும் கொண்டு தம்பியின் கன்னத்தைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, பிறகு சங்கைப் பூசினாள். கன்னம் தக்காளி நிறத்துக்கு வந்தது. எரிச்சலில் ஏகாம்பரத்தின் கண்ணில் நீர் கோத்தது.

"பாதி ரொம்பிடுச்சி" என்றாள் அவள்.

"ரொம்பலக்கா. வீங்கிக்கினு கீது."

"உனுக்கு இன்னா தெரியும்? நீ உள்ள கீற. நான்தான வெளிய நின்னு பாக்கறேன்."

ஏகாம்பரம் எதிர்த்துப் பேசுகிறவன் அல்ல. ஆனால் எதையும் கையால் தடவிப் பார்த்து நம்புகிறவன். காலையில் சவரம் செய்யும்போது கத்தி எந்தெந்த இடத்தில் தட்டுமோ அந்தந்த இடத்தில்தான் இன்னும் தட்டியது. வீக்கம் வடிந்ததும் கன்னம் பழைய கன்னமாக இருந்தது.

இவ்வளவையும் அவன் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மாகறலிலிருந்து கேழ்வரகு அரைக்க வந்துகொண்டிருந்த அம்முலு.

அவள் வந்த முதல் நாள் அவளுக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏகாம்பரம் கூடையை வாங்கிக் கொட்டப் போனான். அம்முலு கூடையை விடவில்லை.

"மொளகா நெடி அடிக்குது. முதல்ல ஒரு கை தவுடு போட்டு ஓட்டுங்க. எங்க வூட்டுக் கூழு எங்க வூட்டுக் கூழா இருக்கணும்."

"எல்லாரும் அப்பிடியேதான் அரைச்சிக்கினு போறாங்க."

"எல்லாரும் தும்மிக்கினே கூழு குடிக்கறாங்க போல."

அவன் தவிடு போட்டு ஓட்டினான். அவள் கல்லுக்குக் கீழே விரல் விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கை என்றாள். இன்னும் ஒரு கை போட்டான். இப்படித் தடவிப் பார்த்து நம்புகிற இன்னொருத்தி உலகத்தில் இருப்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. கட்டினால் இவளைத்தான் என்று அக்காளிடம் சொன்னான். கோவிந்தம்மாள் சுரண்டலை இரண்டு வேளையாக்கினாள்.

அம்முலுவின் தகப்பன் வரதன் மாட்டுத் தரகர். வாலாஜாபாத் பக்கம் எந்தச் சந்தையானாலும் அவர் சுழி பார்த்துச் சொன்ன மாட்டைத்தான் குடியானவர்கள் ஓட்டிப் போவார்கள். மாட்டை வாங்கப் போகிறவர் நேராகப் போய்ப் பார்க்கக் கூடாது, வேறு வேலையாகப் போகிறவர்போல ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். கோவிந்தம்மாள் சம்பந்தம் பேச ஆள் அனுப்பியதும் அவர் அப்படியே ஒரு படி கம்பைத் துண்டில் முடிந்துகொண்டு மிஷினுக்கு வந்தார். உச்சி வேளை. ஏகாம்பரம் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றிருந்தான். வரதன் முன்பக்கம் பார்த்தார், கம்பைக் கொட்டுகிற சாக்கில் பக்கவாட்டில் பார்த்தார், மாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பஸ் நிற்கும் இடத்தில் கோவிந்தம்மாள் அவரைப் பிடித்துவிட்டாள்.

"பையன் உழைப்பாளி. கை காலு நல்லா கீது. மூஞ்சிதான் சரியில்லம்மா" என்றார் வரதன்.

"குழி கொஞ்சம் கீதுதாங்க. பூசிக்கினுதான் கீறோம். ஆவணிக்குள்ள ரொம்பிடும்."

"குழி எங்க கீது? அதான் குறைன்றேன்."

கோவிந்தம்மாளுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம். வரதன் நிதானமாக விளக்கினார். அவருடைய மூத்த மகள் ஆதிலட்சுமியைத் தங்க விக்கிரகம் போன்ற பையனுக்குக் கொடுத்தார். மூன்றாம் மாதம் அவனுக்கு அம்மை வார்த்தது, பிழைக்கவில்லை. பெண் வீட்டோடு வந்துவிட்டாள். அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார்: இளையவளை ஆத்தா ஏற்கெனவே வந்து போன உடம்புக்குத்தான் கொடுப்பது. ஒரு தடவை வந்தவள் மறுபடி வரமாட்டாள். முகத்தில் குழி இருந்தால் ஆயுசுக்கு ரசீது.

"குழி கீற பையன்னு கேட்டுத்தான் வந்தேன். மொழுமொழுன்னு கீறானே. இவன நம்பி எப்பிடிக் குடுக்கறது?"

கோவிந்தம்மாள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். யோசிக்க அவகாசம் இல்லை.

"ஐயா, அது மாவு. கழுவினா குழிதான். மூஞ்சி பூரா குழி."

"ஆத்தா போட்டதா?"

"பின்ன வேற யாரு போடுவா" என்றாள் கோவிந்தம்மாள்.

வரதன் முகம் மலர்ந்து, அமாவாசையன்று மிஷின் ஓடாது, அன்றைக்குக் கழுவிய முகத்தோடு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் கோவிந்தம்மாளுக்குப் பயம் பிடித்தது. சங்கும் புற்றுமண்ணும் இத்தனை நாள் பூசிப் பாதிக் குழியைத் தூர்த்துவிட்டோமே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அமாவாசைக்குள் தூர்ந்ததை எல்லாம் மறுபடி தோண்ட வேண்டும். சங்கைத் தூக்கிப் பரணில் போட்டாள். வேர்க்கடலை வறுத்தாள். காஞ்சிபுரத்திலிருந்து மாம்பழம் வரவழைத்தாள். எண்ணெய்க் குளியலை நிறுத்தினாள். இஞ்சின் பக்கம் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னாள்.

"அக்கா, பூசினதால ஒரு குழியும் போவுல. தின்னறதால ஒரு குழியும் வராது. கத்தி அதே எடத்துலதான் தட்டுது."

"சங்கு சும்மா போவுமாடா? நீ கடலையத் தின்னு."

அவன் தின்றான். வயிறு ஊதியது. கன்னம் எப்போதும்போல இருந்தது.

"அத்த வுடு. எனக்கு அம்மை வந்ததேயில்லையே. பொய்தான சொல்லியிருக்க?"

"குழி பொய்யா? நான் குழியத்தான சொன்னேன். யாரு போட்டதுன்னு அந்த ஆளே சொல்லிக்கினாரு."

அமாவாசையன்று வரதன் வந்து அவனை வெயிலில் நிறுத்தினார். நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். அவர் கை தன்னையறியாமல் அவன் தாடையை நோக்கிப் போனது. பல் பிடித்துப் பார்ப்பதற்குள் சுதாரித்துக்கொண்டு தோளைத் தட்டினார். கன்னங்களைப் பார்த்து, "முத்து முத்தா குத்தியிருக்கா" என்று மகிழ்ந்தார். பிறகு நெற்றியைப் பார்த்தார். கைகளை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"நெத்தியில ஒண்ணுகூட இல்லியே. கையில இல்ல. மூக்கு மேல இல்ல. ஆத்தா கன்னத்தோட எயுந்து போயிட்டாளா?"

"அந்த வருசம் அவளுக்கு நெறைய வூடு" என்றாள் கோவிந்தம்மாள். "வந்த வேகத்துல கெளம்பிட்டா."

வரதன் சாட்சி கேட்டார். சாட்சிக்கு ஊரே திரண்டிருந்தது. கோவிந்தம்மாள் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் அதிசயம். பக்கத்து வீட்டு சிட்டம்மாள், அவனை வேப்பிலையில் கிடத்தியிருந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். கொத்தனார் சேட்டு தானே இளநீர் வெட்டிக் கொடுத்ததாகச் சொன்னார். நேற்றுவரை வேர்க்கடலை என்று சொன்னவர்களும் அன்றைக்கு அம்மை என்றார்கள். சொல்லச் சொல்ல அவர்களுக்கே நினைவு வந்தது. ஏகாம்பரத்துக்கே ஒரு கணம், வந்துதான் போயிற்றோ என்று தோன்றிவிட்டது.

வரதன் அரைமனதாக ஒப்புக்கொண்டார். தாம்பூலம் மாற்ற மாகறலுக்குப் போனார்கள்.

அங்கே பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் ஆதிலட்சுமி. சொம்பை நீட்டியவள் கையை உடனே எடுக்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"மெய்யாவே ஒங்களுக்கு வந்து போச்சா?"

ஏகாம்பரம் தலையாட்டினான். அவள் பெருமூச்சு விட்டுச் சொம்பை அவன் கையில் விட்டாள்.

அந்தத் தலையாட்டல் அவனைத் தூங்கவிடவில்லை. பெண்ணின் தகப்பன் கேட்டதற்குப் பொய் சொன்னது ஒரு கணக்கு. இவள் கேட்டதற்குச் சொன்னது வேறு கணக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அம்மை வார்த்திருப்பதாகச் செய்தி வேறு. நாளைக்குத் தனக்கு வந்தால் அம்முலுவும் ஆதிலட்சுமியைப் போலச் சொம்பு தூக்கிக்கொண்டு நிற்பாள். கல்யாணத்தை நிறுத்த அவனுக்கு மனமில்லை. செத்துப்போகவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரே வழிதான் இருந்தது: அம்மை குத்திக்கொள்வது. சிறுவயதில் அம்மை குத்துகிறவர் வந்தபோதெல்லாம் அவன் தாய் அவனை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டிருந்தாள்.

உத்திரமேரூரிலிருந்து அம்மை குத்துகிறவர் வந்து பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டார். ஊர் வழக்கப்படி பாதிப் பேர் வயலுக்கு ஓடினார்கள். மீதிப் பேர் தங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று சத்தியம் செய்தார்கள். யாரும் வராத மேசைக்கு ஏகாம்பரம் தானாகப் போய்ச் சட்டைக்கையை மடித்து நின்றான். அம்மை குத்துகிறவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குத்தான் வந்தாச்சே. போப்பா. மருந்த வீணாக்காத."

"எனக்கு வரலீங்க."

"இந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டா?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இருபது வருசமா இந்த வேலை செய்யறேன். வராதவன் எல்லாம் வந்துச்சின்னு பொய் சொல்லி ஓடுவான். வந்தவன் வரலைன்னு பொய் சொல்லிக் கை நீட்டி இப்பத்தான் பாக்கறேன். இன்னா விஷயம்?"

"மெய்யாவே வரலீங்க."

அவர் சுற்றி நின்றவர்களைக் கேட்டார். வேப்பிலை என்றாள் சிட்டம்மாள். இளநீர் என்றார் சேட்டு. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவர்கள் முகத்தில் இல்லை. கோவிந்தம்மாள் மட்டும் பேசவில்லை. காரணம், பள்ளிக்கூட வேப்பமரத்தில் ஒரு ஜோடிக் காளைகளைக் கட்டிக்கொண்டிருந்தவர் வரதன். யாருக்கோ கைமாற்றிவிட ஓட்டி வந்தவர், மருமகன் கையை நீட்டி நிற்பதைக் கண்டு, கட்டி முடித்து நடந்துவந்தார்.

"இன்னா தம்பி, வந்தவனுக்கு எதுக்கு ஊசி?"

ஏகாம்பரம் அக்காளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு அம்மை வரலீங்க மாமா. இது பரு. நானே நகத்தால கிள்ளிக் கெடுத்துக்கினது. நெத்தியில கிள்ளல, அதனால நெத்தியில இல்ல." சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். தோளிலும், கை எட்டும் அளவுக்கு முதுகிலும் அதே வடுக்கள். "பாருங்க. கன்னத்துல கீறதுதான் இங்கயும் கீது. கையில காலுல ஒண்ணும் இல்ல. ஆத்தா வந்திருந்தா அத்த வுட்டுட்டாப் போவா?"

காளைகளில் ஒன்று மூக்கை உறிஞ்சியது. வரதன் முதுகை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் அல்ல, திருப்தி.

"நான் அன்னிக்கே சொன்னேன். நெத்தி சுத்தமா கீதேன்னு சொன்னேனா இல்லியா? முப்பது வருசமா சுழி பாக்கற கண்ணு." பிறகுதான் கோபம் வந்தது. கோவிந்தம்மாளைப் பார்த்து, "பல்லு போன மாட்டுக்குக் கொம்பு சீவி வித்த மாதிரி வித்திருப்பியேம்மா" என்றார். தாம்பூலத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

ஏகாம்பரம் அவரைத் தடுக்கவில்லை. மேசைப் பக்கம் திரும்பி, "குத்துங்க ஐயா" என்றான்.

அம்மை குத்துகிறவருக்கு அந்த ஊரில் முதல் கை கிடைத்த சந்தோஷம். குத்திக்கொண்டே வரதனுக்குக் கேட்கும்படி சொன்னார்: "இது புடிச்சிக்கிட்டா அம்மை வந்து போனதுக்குச் சமானம். அப்பப்ப மறுபடி குத்திக்கணும், அவ்ளோதான்."

வரதனின் கை கயிற்றில் நின்றது. "புடிச்சிக்கிச்சான்னு எப்பிடித் தெரியும்?"

"கொப்புளம் கட்டும். பொருக்கு தட்டும். பொருக்கு வுழுந்தா எடத்துல குழி நிக்கும்."

"குழி நிக்குமா?"

"ஆயுசுக்கும்."

வரதன் காளைகளை மறுபடி கட்டினார்.

அதற்குப் பிறகு பெருநகரில் ஒரு மனிதனின் மேல்கையை இவ்வளவு பேர் கவனித்தது கிடையாது. கொப்புளம் கட்டியது. காய்ச்சல் வந்தது. கோவிந்தம்மாள் பழக்கதோஷத்தில் பரணிலிருந்து சங்கை எடுத்து உரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆத்திரமே அறியாத ஏகாம்பரம் அன்று கத்தினான்.

"அக்கா, இது ஒண்ணாவது நிக்கட்டும்."

அவள் சங்கைக் கீழே வைத்தாள். புண்ணில் மாவு படாமலிருக்கச் சட்டைக்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் மிஷினுக்குப் போனான். கட்டைவிரல் நகங்கள் பொருக்கைத் தேடின. கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வரதன் அந்தப் பக்கம் வரும் சாக்கில் எல்லாம் மிஷினுக்கு வந்து, ஒரு படி கம்பை அரைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் கையைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் கம்பு மாவு பானை பானையாகச் சேர்ந்தது. மூன்றாம் தடவை மாவைத் தூக்க அம்முலுவும் கூட வந்தாள்.

"எங்கப்பா ஒங்க கையப் பாக்கறதுக்கு எங்க வூட்ல எல்லாரும் கம்பங்கூழு குடிச்சிக்கினு கீறோம். சீக்கிரம் ஆவட்டும்" என்றாள்.

பொருக்கு தானாக உதிர்ந்தது. கீழே காலணா அளவுக்கு ஒரு வட்டமான குழி, நடுவில் பொடிப் புள்ளிகளோடு. வரதன் இந்தத் தடவை கம்பு கொண்டுவரவில்லை. நேராக வந்து, வெளிச்சத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் தடவினார். இரண்டு முறை தடவினார்.

"இது அசலு" என்றார்.

அடுத்த வாரம் அம்மை குத்துகிறவர் மாகறலுக்குப் போனபோது முதலில் கை நீட்டியவள் ஆதிலட்சுமி, அடுத்து அம்முலு, மூன்றாவதாக, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வரதன்.

பெருநகர் மட்டும் திருந்தவில்லை. கையில் புதுக் குழி விழுந்ததிலிருந்து கன்னத்தில் ஒரு குழி குறைந்திருப்பதாகக் கோவிந்தம்மாள் சொன்னாள். அரசாங்க ஊசி முகத்துக் குழியைக் கைக்கு இழுத்துவிட்டது என்று சேட்டு அதற்கு விளக்கம் கொடுத்தார். அம்மை குத்துகிறவர் மறுமுறை வந்தபோது பள்ளிக்கூட வாசலில் முகமெல்லாம் பருவோடு இளவட்டங்கள் வரிசையில் நின்றார்கள். எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. குத்திக்கொண்டே போனார். ஏகாம்பரம் மட்டும் வரிசை நெடுக நடந்து, "இதுக்கு மூஞ்சிப் பரு போவாதுப்பா. நகத்த வெட்டிக்கினு சும்மா இருங்க, அது போதும்" என்று சொல்லிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் நம்பவில்லை.

கல்யாணம் மாகறல் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளையின் இடது சட்டைக்கையை வரதனே தோள்வரை சுருட்டிவிட்டிருந்தார். மணையில் உட்கார்ந்தவனிடம் உறவுக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து, குனிய வைத்து, குழியைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். ஏகாம்பரம் முகத்தில் ஒரு துளி மாவு இல்லை. கன்னத்தில் தூறல் விழுந்தது விழுந்தபடி இருந்தது. அதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தாலி கட்டி முடித்தும் ஆட்கள் வந்து தொட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அம்முலு, உதடு அசையாமல் சொன்னாள்.

"சட்டைய எறக்கி வுட்டுக்குங்க. பாக்க வேண்டியவங்க பாத்தாச்சி."

அவன் அசையவில்லை. மாமனார் என்ன சொல்வாரோ என்று இருந்தது. அவளே கையை நீட்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, சட்டையை முழங்கைக்குக் கீழே இறக்கிவிட்டாள்.